டீக்கடைல மகுவயர் பேச்சு வந்தா மண்ணக் கவ்வாம இருக்க என்ன செய்யணும்

ஏலே மக்கா, சீசன் நடக்கும்போது சனி ஞாயிறு ராத்திரி முருகன்குறிச்சி பக்கமோ வண்ணார்பேட்டை பக்கமோ ஏதாச்சும் ஒரு டீக்கடைல போயி நில்லு, மேட்ச் முடிஞ்ச கொஞ்ச நேரத்துல மகுவயர் பேச்சு வந்துரும், அதான் இங்கிலாந்து பிரீமியர் லீக்ல மான்செஸ்டர் யுனைடெட் ஃபுட்பால் கிளப்பு 2019ல வாங்குன டிஃபெண்டர், பழைய கேப்டன் ஹாரி மகுவயர். யுனைடெட் ஜெயிச்சாலும் வரும், தோத்தாலும் வரும், அன்னைக்கு யுனைடெட்டுக்கு மேட்ச்சே இல்லன்னாலும் வரும். ஒருத்தன் "80 மில்லியன் தண்டம்ல"ம்பான், இன்னொருத்தன் "லியான் மேட்ச் பாத்தியால நீ"ம்பான், அதுக்குள்ள எதிரி கிளப்பு லிவர்பூலோட ரசிகன் ஒருத்தன் சிரிச்சிக்கிட்டே உள்ள வருவான், பொறவு பேச்சு 2025ல யுனைடெட் புதுசா வாங்குன செஸ்கோவுக்குப் போயி கூன்யாவுக்குப் போயி கடைசில யாரு என்ன சொல்ல வந்தான்னு அவனுக்கே தெரியாது. அண்ணாச்சி பாய்லர அணைச்சாத்தான் கூட்டம் கலையும். இந்தச் சண்டைல வாய்க்கு வந்தத உளறாம நின்னு பேசுறது எப்படின்னு தெரிஞ்சவரைக்கும் சொல்லுதேன், நான் யுனைடெட்காரன்தான், அத முதல்லயே சொல்லிருதேன், பொறவு வந்து ஏசக்கூடாது.

முதல் வேலை, வாயத் தொறக்க முன்னாடி என்ன சண்டைன்னு கேளு. பழைய கேப்டனப் பத்தின பேச்சுல எப்பவுமே மூணு சண்டை ஒண்ணா கலந்து கெடக்கும். குடுத்த விலைக்கு ஆள் தேறுவானா, கேப்டனா இருக்க லாயக்கானவனா, இன்னைக்கு இந்த டீம்ல இந்த இடத்துல நிறுத்துனா ஆடுவானா. மூணும் வேற வேற கேள்வி, மூணுக்கும் வேற வேற ஆதாரம் வேணும். எதிராளி என்ன பண்ணுவான்னா, ஆட்டத்துல நீ அவன மடக்குனா விலைக்குத் தாவிருவான், விலைல மடக்குனா "அவன்லாம் ஒரு கேப்டனால"ன்னு அங்க தாவிருவான். தாவ விடாத. இப்படித்தான் போகும் பேச்சு:

"அண்ணாச்சி, நீங்க குறை சொல்லுதது விலையவா ஆட்டத்தயா?"

"எல்லாந்தாம்டே."

"அப்பம் ஒண்ணொண்ணா வாங்க. முதல்ல விலை."

"சரி, அம்பது மில்லியன் நட்டமா இல்லையா, அதச் சொல்லு."

இங்கதான் கணக்கு தெரிஞ்சிருக்கணும். 2019 ஆகஸ்ட்ல லெஸ்டர் சிட்டிட்ட இருந்து 80 மில்லியன் பவுண்டுக்கு மகுவயர வாங்குனாவ, ஒரு டிஃபெண்டருக்கு அதுதான் உலக ரெக்கார்டு, அன்னைய ரேட்டுக்கு நம்ம காசுல கிட்டத்தட்ட 680 கோடி ரூபாய். அதுக்கு முன்னால 2018 ஜனவரில லிவர்பூல் வான் டைக்ங்கிற டிஃபெண்டர 75 மில்லியனுக்கு வாங்கிருந்துச்சு, அதனால லெஸ்டர் அந்த விலையக் காட்டித்தான் பேரம் பேசிருக்கும்னு யோசிச்சாலே தெரியும். வான் டைக் வந்து லிவர்பூல் எப்படி மாறுச்சுன்னு எல்லாரும் பாத்துக்கிட்டு இருந்த நேரம் அது, யுனைடெட்டுக்கும் அதே மாதிரி ஒருத்தன் வேணும்னு அவசரம், விக்கிறவனுக்கு அந்த அவசரம் நல்லாவே தெரியும். விலைய முடிவு பண்ணது ரெண்டு கிளப்பு. மகுவயர் போயி எனக்கு 80 குடுங்கன்னு கேக்கல, அதனால விலைக்காக அவன ஏசுதவன்ட்ட "நீ ஏசவேண்டியது அன்னைக்கு செக்குல கையெழுத்துப் போட்டவனல்ல"ன்னு ஒரு வரில முடிச்சிரலாம்.

ஆனா அண்ணாச்சி கேட்ட அந்த அம்பது மில்லியன் நட்டக் கணக்கு எங்கன இருந்து வந்துச்சுன்னா, 2023 ஆகஸ்ட்ல வெஸ்ட் ஹாம் 30 மில்லியன் பவுண்டுக்குக் கேட்டு யுனைடெட்டும் சரின்னு சொல்லி, பொறவு மகுவயர் போகாம அந்த டீல் முறிஞ்சு போச்சு. 80 குடுத்து 30க்கு விக்கப் பாத்தா 50 நட்டம்தானன்னு கேப்பாவ. கிளப்பு கணக்குப் புத்தகத்துல அப்படி எழுத மாட்டாவ மக்கா. ஆறு வருஷக் குத்தகைக்கு ஒரு வாழைத் தோட்டத்த எடுத்து மொத்தப் பணத்தயும் முன்னாலயே குடுத்தா, ஒவ்வொரு வருஷமும் ஆறுல ஒரு பங்குதான செலவாச்சுன்னு எழுதுவ, அதே மாதிரிதான் இதுவும். 80 மில்லியன், ஆறு வருஷ ஒப்பந்தம், வருஷத்துக்கு 13 மில்லியனும் கொஞ்சமும். 2023ல நாலு வருஷம் ஓடிப்போச்சு, கிட்டத்தட்ட 53 மில்லியன் கழிஞ்சிருச்சு, புத்தகத்துல மிச்சம் நிக்கிறது 27க்கும் கம்மி. அப்ப 30க்கு வித்திருந்தா பேப்பர்ல லாபம்னுதான் வரும்! இத முதல் தடவ கேக்கவன் முகத்தப் பாக்கணுமே. பிரீமியர் லீக்ல மூணு வருஷத்துக்கு 105 மில்லியன் பவுண்டு வரைக்கும்தான் நட்டம் காட்டலாம்னு ஒரு விதி வச்சிருந்தாவ, அதனாலதான் கிளப்புகாரன் எல்லாம் இந்தப் பேப்பர் கணக்குலயே உயிர வச்சிருந்தான். செல்சி ஆட்களுக்கு எட்டு வருஷம் எட்டரை வருஷம்னு ஒப்பந்தம் போட்டதுக்கும் இதுதான் காரணம், வருஷச் செலவு கம்மியாத் தெரியும்லா. அதப் பாத்துட்டுத்தான் 2023 டிசம்பர்ல, ஒப்பந்தம் எத்தன வருஷமா இருந்தாலும் கணக்குல அஞ்சு வருஷத்துக்கு மேல பிரிக்கக் கூடாதுன்னு கதவ அடைச்சாவ.

ஒரு எச்சரிக்கை. இந்தக் கணக்கு அவன் நல்லா ஆடுனான்னு நிரூபிக்காது. விலைச் சண்டைக்கு மட்டும் எடு, முடிஞ்சதும் உள்ள வச்சிரு.

அடுத்து ஆர்ம்பேண்ட், கேப்டன் கைல கட்டுற பட்டை. 2020 ஜனவரில அப்பம் கேப்டனா இருந்த ஆஷ்லி யங் இன்டர் மிலானுக்குப் போனதும் கோச் சோல்ஷர் மகுவயருக்குக் கேப்டன் பதவியக் குடுத்தாரு, வந்து ஆறு மாசம்கூட ஆகல. 2023 ஜூலைல அப்பத்தைய கோச் டென் ஹாக் அதப் பிடுங்கி புரூனோ ஃபெர்னாண்டஸ்ட்ட குடுத்தாரு. நடுவுல என்ன நடந்துச்சுன்னு யுனைடெட்காரன் யாருக்கும் சொல்லிக்காட்டத் தேவையில்ல, 2020 அக்டோபர்ல ஸ்பர்ஸ்ட்ட 1-6, 2021 அக்டோபர்ல லிவர்பூல்ட்ட 0-5, ரெண்டும் சொந்த மைதானத்துல, ரெண்டுலயும் அவன்தான் கேப்டன். இத மறைக்காத, எதிராளி எடுக்க முன்னாடி நீயே எடுத்து மேசைல வச்சிரு, பாதி காத்து எறங்கிரும். என்னயக் கேட்டா, அவனுக்கு அந்தப் பதவிய அவ்வளவு சீக்கிரம் குடுத்ததே தப்பு, உள்ளயே சரியில்லாத ஒரு டீம வந்து ஆறு மாசத்துல ஒருத்தன் தூக்கி நிறுத்த முடியாது. ஆனா பதவி போனதும் ஆள் மூலைல போயி உக்காரல, பிடுங்குன நாலாவது மாசம் 2023 நவம்பர்ல பிரீமியர் லீக் பிளேயர் ஆஃப் த மந்த் வாங்குனான். இங்கிலாந்துக்கு 2021ல நடந்த யூரோ ஃபைனல்ல இத்தாலிக்கு எதிரா பெனால்டி ஷூட்அவுட்ல மூணு பேரு விட்டாவ, அவன் அடிச்சான். மனசு தளராத ஆளுன்னு சொல்ல இது போதும், நல்ல கேப்டன்னு சொல்ல இது போதாது, அந்த வித்தியாசத்த நீயே பிடிச்சிக்கோ.

இப்பம் ஆட்டம். இதுல பேசுதவன்ல முக்காவாசிப் பேரு பந்த மட்டும் பாத்தவன். டிஃபெண்டரப் பாக்கணும்னா பந்து வர முன்னாடி பாக்கணும்லே. எதிரி மிட்ஃபீல்டர் தலையத் தூக்கிப் பாக்கான் பாரு, அந்த ஒரு நொடில சென்டர் பேக், அதான் நடுவுல நிக்கிற டிஃபெண்டர், ரெண்டு எட்டு பின்னால போறானா, முன்னால ஏறுதானா, இல்ல பந்தயே பாத்துக்கிட்டு நிக்கானா. அவன் இடுப்பு எந்தப் பக்கம் திரும்பிருக்குன்னு பாரு. மகுவயரோட வீக்னஸ் மொத்தமும் அங்கதான் இருக்கு. நேரா முன்னால வர்ற பந்து, உயரமா வர்ற பந்து, கோலுக்கு முன்னால இருக்க பாக்ஸுக்குள்ள கூட்டத்துல விழுற பந்து, இதுலல்லாம் அவன அடிச்சிக்க ஆள் கம்மி, ஆறடி நாலு அங்குல உயரம் சும்மாவா. ஆனா ஓரத்துல ஆடுற வேகமான விங்கர் ஒருத்தன் அவனுக்கு வெளிப்பக்கமா முதுகுக்குப் பின்னால ஓடுனான்னு வையி, மகுவயர் திரும்பி ஓட ஆரம்பிக்கதுக்குள்ள அந்த விங்கர் ரெண்டு எட்டு போயிருவான். டிஃபென்ஸ் லைன சென்டர் கோட்டுப் பக்கம் ஏத்தி வச்சா பின்னால நாப்பது மீட்டர் காலியாக் கெடக்கும், அங்க அவன நிறுத்துதது கோச்சோட தப்பா அவன் தப்பான்னு கேளு. அமோரிம் 2024 நவம்பர்ல கோச்சா வந்து மூணு சென்டர் பேக் வச்சு ஆட வச்சதும் மகுவயர் நடுவுல நின்னு நல்லாத் தெரிஞ்சதுக்குக் காரணம் இதுதான், ரெண்டு பக்கமும் ஓடிப்போயி அடைக்க வேற ஆளு இருக்கான், இவன் நடுவுல நின்னு வர்றத முட்டுனாப் போதும்.

டிவில இதெல்லாம் ஒழுங்காத் தெரியாது, கேமரா பந்து பின்னாலயே ஓடும். கண்ணப் பழக்கணும்னா பாளையங்கோட்டை அண்ணா ஸ்டேடியத்துல ஏதாச்சும் மேட்ச் நடக்கும்போது போயி எவ்வளவு உசரத்துல எடம் கெடைக்கோ அங்க உக்காரு, பந்த விட்டுட்டு ஒரு பத்து நிமிஷம் பின்னால நிக்கிற நாலு பேர மட்டும் பாரு. பிளஸ் டூ பையன் ஆடுனாலும் சரி, லைன் எப்படி ஏறுது, யாரு கத்துதான், யாரு தூங்குதான்னு பளிச்சுன்னு தெரியும். பொறவு ராத்திரி வந்து பிரீமியர் லீக் பாத்தா வேற மாதிரி இருக்கும்.

நம்பர் எடுத்துட்டு வாறவன்ட்டயும் கொஞ்சம் உஷாரு. "மேட்ச்சுக்கு எத்தன டேக்கிள் பாரு"ன்னு போன நீட்டுவான். நல்ல இடத்துல நிக்கிற டிஃபெண்டர் டேக்கிள் போடவே தேவைப்படாது, டீம்ட்ட பந்து நிறைய இருந்தாலும் டேக்கிள் கம்மியாத்தான் வரும். ஏரியல் டூயல்ல, அதான் மேல வர்ற பந்துக்கு ரெண்டு பேரு எகிறுற போட்டில, நூத்துக்கு எத்தன ஜெயிச்சான், அவன் தப்பால எத்தன ஷாட், எத்தன கோல் போச்சு, 90 நிமிஷக் கணக்குல பிரிச்சுக் கேளு. பாதிப் பேரு போன உள்ள வச்சிருவான்.

இப்பம் முக்கியமான இடம். லியான் மேட்ச். 2025 ஏப்ரல்ல யூரோப்பா லீக் காலிறுதி ரெண்டாவது மேட்ச், நம்ம மைதானம் ஓல்ட் டிராஃபோர்ட்ல, நம்ம நேரத்துக்கு ராத்திரி பன்னெண்டரைக்கு ஆரம்பிச்சது. எக்ஸ்ட்ரா டைம்ல பத்துப் பேரோட ஆடுன லியான் 4-2ன்னு முன்னால போயிருச்சு, ரெண்டு மேட்ச்சும் சேத்து மொத்தக் கணக்குல 6-4. புரூனோ ஒரு பெனால்டி, மைனு ஒண்ணு, பொறவு 121வது நிமிஷம் கேஸ்மீரோ தூக்கிப் போட்ட பந்த மகுவயர் தலையால முட்டி உள்ள தள்ளுனான், 5-4, மொத்தம் 7-6. கோல் தேவைன்னு அமோரிம் அவன ஸ்ட்ரைக்கர் மாதிரி மேல ஏத்தி விட்டிருந்தாரு. இங்க மணி மூணுக்கு மேல, அன்னைக்குப் பெரிய வெள்ளி வேற, பாளையங்கோட்டைல வீட்டுல எல்லாரும் காலைல கோயிலுக்குப் போகணும்னு தூங்குதாவ, வாயில துண்ட வச்சு அமுக்கிக்கிட்டுத்தான் கத்த முடிஞ்சிது. அடுத்தது 2025 அக்டோபர் 19, லிவர்பூலோட மைதானம் ஆன்ஃபீல்டு, 1-1ன்னு நிக்கும்போது 84வது நிமிஷம் புரூனோ கிராஸ், மறுபடியும் மகுவயர் தலை, 2-1. 2016 ஜனவரிக்கப்புறம் அன்னைக்கு வரைக்கும் லீக்ல யுனைடெட் அங்க ஜெயிச்சதே இல்ல. அது தீபாவளிக்கு முந்தின ராத்திரி, தெருவெல்லாம் வெடி, எது தீபாவளி வெடி எது கோல் வெடின்னே தெரியல, லிவர்பூல்காரனுக்கு அந்தத் தீபாவளி கறுப்புத்தான்.

இத வச்சு "பாத்தியா என்னா டிஃபெண்டர்"னு சொன்ன, அங்கயே மாட்டிக்கிடுவ. ரெண்டும் எதிரி பாக்ஸுக்குள்ள போயி முட்டுன கோல், அதுல டிஃபென்ஸ் எங்கன இருக்கு? வெவரமான எதிராளி இதத்தான் பிடிப்பான். அதே 2025 ஆகஸ்ட்ல நாலாவது டிவிஷன் கிரிம்ஸ்பிட்ட லீக் கப்புல தோத்த அன்னைக்கும் 89வது நிமிஷம் 2-2 ஆக்குனது மகுவயர்தான், ஆனா முதல் பாதிலயே ரெண்டு கோல் வாங்குன டிஃபென்ஸ்லயும் அவன் நின்னான்லா. அதனால கடைசி நிமிஷ கோலயெல்லாம் நெஞ்சுரம் பத்தின சண்டைக்கு எடுத்துட்டுப் போ. டிஃபென்ஸ் பத்தின சண்டைக்கு, பந்து வர முன்னாடி அவன் எங்க நின்னான்ங்கிறத எடுத்துட்டுப் போ. எந்தக் கேள்விக்கு எந்த ஆதாரம்னு மாத்தாம வச்சிருந்தாலே பாதி பேர ஜெயிச்சிரலாம்.

புது சைனிங், அதான் புதுசா வாங்குன ஆளுங்களப் பத்தின பேச்சு இதவிட மோசம், ஏன்னா அதுல எல்லாரும் ஜோசியக்காரன் ஆயிருவான்.

முதல்ல காச ஒழுங்காப் பாரு. ஸ்ட்ரைக்கர் செஸ்கோவுக்கு லைப்சிக் கிளப்புக்குக் குடுத்தது 76.5 மில்லியன், அது யூரோ, மேற்கொண்டு 8.5 மில்லியன் போனஸ் மாதிரி. பவுண்டுல பாத்தா முதல் தொகை 66 பக்கம்தான் வரும். கூன்யாவுக்கு வுல்வ்ஸ் ஒப்பந்தத்துல இருந்த ரிலீஸ் தொகை 62.5 மில்லியன், அது பவுண்டு. எம்பியூமோவுக்கு பிரென்ட்ஃபோர்டுக்கு 65, மேல 6, அதுவும் பவுண்டு. யூரோவயும் பவுண்டயும் ஒண்ணாக் கூட்டி "ஸ்ட்ரைக்கருக்குத்தாம்ல அதிகம் குடுத்துட்டாவ"ன்னு ஒருத்தன் கத்துவான், விடு, எம்பியூமோ தொகையப் பக்கத்துல வச்சிக் காட்டு.

பொறவு, டீமுக்கு என்ன இல்லாம இருந்துச்சுன்னு கேளு. 2024-25ல யுனைடெட் 42 பாயின்டோட 15வது இடம், லீக்ல மொத்தமா அடிச்சது 44 கோல். அதே சீசன்ல எம்பியூமோ பிரென்ட்ஃபோர்டுக்கு 20, கூன்யா வுல்வ்ஸுக்கு 15. ரெண்டு பேரு சேந்து 35, இங்க ஒரு டீமே 44. இந்த ஒரு கணக்கச் சொன்னாப் போதும், எதுக்கு வாங்குனாவன்னு பச்சப்புள்ளைக்கும் வெளங்கும். ஆனா அப்படியே அடுத்த வருஷமும் 35 வரும்னு நீயே நம்பிராத. பிரென்ட்ஃபோர்டு நீளமாப் போட்டு வேகமா ஓடுற டீம், எம்பியூமோவுக்கு முன்னால இடம் கெடச்சிது, யுனைடெட்டுக்கு எதிரா வர்றவன் பாதிப் பேரு பாக்ஸ அடைச்சிக்கிட்டு நிப்பான். 20ல பெனால்டி எத்தனன்னு தனியாப் பிரிச்சுப் பாரு, அவன் போன டீம்ல பெனால்டி அடிச்சது புரூனோல்லா. எக்ஸ்ஜிய விட, அதான் கெடச்ச வாய்ப்புக்கு எத்தன கோல் வரணும்ங்கிற கணக்க விட, ரொம்ப அதிகமா அடிச்சிருந்தா அடுத்த வருஷம் கொஞ்சம் எறங்கும்னு எதிர்பாத்துக்கோ. யூடியூப்ல பாட்டுப் போட்டு வெட்டி ஒட்டுன ஆறு நிமிஷ வீடியோவ மட்டும் ஆதாரமாத் தூக்கிட்டு வராத, அதுல எவனும் பந்த விட மாட்டான், எவனும் கீழ விழ மாட்டான்.

முதல் மேட்ச்சப் பாத்துத் தீர்ப்பு சொல்லுதவன் எல்லா ஊர்லயும் இருக்கான். அவனுக்கு யுனைடெட்டோட பழைய டிஃபெண்டர் எவ்ரா கதையச் சொல்லு. 2006 ஜனவரில மொனாக்கோல இருந்து வந்தான், முதல் மேட்ச் மான்செஸ்டர் சிட்டிகூட, பாதி நேரத்துலயே வெளிய எடுத்துட்டாவ, டீம் 3-1ன்னு தோத்துச்சு. அவன்தான் பொறவு அஞ்சு லீக்கும் ஒரு சாம்பியன்ஸ் லீக்கும் ஜெயிச்சான். தலைகீழாவும் நடக்கும், டி மரியா 2014ல 59.7 மில்லியனுக்கு வந்து, செப்டம்பர்ல லெஸ்டர்கூட கோல்கீப்பர் தலைக்கு மேல நைசாத் தூக்கிப் போட்ட கோலப் பாத்து ஆஹா ஓஹோன்னு ஆடுனோம், அடுத்த வருஷம் பாரிஸுக்கு மூட்டையக் கட்டிட்டான். அதனால நம்ம கூட்டத்துல ஒரு கணக்கு வச்சிருக்கோம், ஆவணில வந்தவனப் பத்தி திருக்கார்த்திகைக்கு முன்னால யாரும் தீர்ப்பு சொல்லக் கூடாது. அதுக்குள்ள அவன் மழைல ஆடிருப்பான், வாரத்துல ரெண்டு மேட்ச் ஆடிருப்பான், ஒரு காயமாவது பாத்திருப்பான். செஸ்கோ மாதிரி 22 வயசுல வந்த பயலுக்கு இன்னும் கொஞ்சம் தள்ளி வையி. கோல்கீப்பர் லாமென்ஸுக்கு ரெண்டாவது லீக் மேட்ச்சே ஆன்ஃபீல்டு, அன்னைக்கு நல்லா நின்னான், சந்தோசம்தான், ஆனா அத வச்சு சிலை வைக்கக் கெளம்பாத.

வாங்குனவனப் பேசும்போது வித்தவனயும் சேத்துப் பேசு, இத யாரும் செய்ய மாட்டாவ. மிட்ஃபீல்டர் மெக்டாமினேய 2024ல இத்தாலில இருக்க நாப்போலிக்கு வித்தாவ. சொந்த அகாடமில வளந்தவன், வாங்குன விலைன்னு ஒண்ணு கெடையாது, அதனால வித்த காசு முழுசும் கணக்குல லாபம், வித்ததுக்கு அதுவும் ஒரு காரணம். முதல் சீசன்லயே நாப்போலிக்கு லீக் ஜெயிச்சுக் குடுத்து சீரீ ஆங்கிற அந்த இத்தாலி லீக்கோட சிறந்த ஆட்டக்காரன் விருதும் வாங்கிட்டான். பேப்பர் லாபமும் மைதான லாபமும் வேறன்னு காட்ட இதவிட நல்ல உதாரணம் கெடைக்காது.

லிவர்பூல்காரன் வந்து செஸ்கோவக் கிண்டல் அடிச்சா உடனே "உங்க ஈசாக்குக்கு 125 மில்லியன், விர்ட்ஸுக்கு 100, அதெல்லாம் என்னல"ன்னு பாயணும்னு கை அரிக்கும். பாயலாம், ஆனா ஒரு சிக்கல் இருக்கு, செஸ்கோவுக்கு டைம் குடுன்னு நீ கேட்டா ஈசாக்குக்கும் டைம் குடுக்கணும். அதனால பைய இப்படிக் கேளு: "ரெண்டு பேருக்கும் கார்த்திகை வரைக்கும் டைம், சம்மதமா?" சம்மதம்னா டீ சொல்லு. சம்மதிக்காதவன் சும்மா ஏச வந்தவன், அவன்ட்ட கணக்கு பேசி என்ன ஆகப்போவு.

எதிராளி ஒண்ணு சரியாச் சொல்லிட்டான்னா "ஆமாண்ணே, அது சரிதான்"னு ஒத்துக்கிட்டு அடுத்த கேள்விக்குப் போ. வயசுல மூத்தவிய இருந்தா முகத்துக்கு நேரா "உங்களுக்கு ஃபுட்பால் தெரியாது"ன்னு மட்டும் சொல்லிராத, நம்ம ஊர்ல அது ஃபுட்பால் சண்டையா நிக்காது, வீடு வரைக்கும் வந்துரும். அவிய எம்பதுகள்ல மாரடோனாவ பிளாக் அண்ட் ஒயிட் டிவில பாத்தவிய, ஒரு அஞ்சு நிமிஷம் கேளு, நடுவுல நல்ல விசயம் ஒண்ணு கெடைக்கும்.

இவ்வளவும் ஒழுங்காப் போய்க்கிட்டு இருக்கும்போது ஓரமா நிக்கவன் ஒருத்தன் டீய உறிஞ்சிக்கிட்டே "எல்லாம் சரிடே, மெஸ்ஸியா ரொனால்டோவா"ம்பான். அந்த நிமிஷம் டீக்காசக் குடுத்துட்டு வண்டிய எடுத்துரு, காலைல வேலைக்குப் போகணும்லா.